ஹோஸ்டிங் வாங்குமுன்: டொமைன் யார் பெயரில், பேக்கப் எந்த இடத்தில்?

சிங்கப்பூரின் தேக்காவில் இனிப்பு, புடவை, பூஜைப் பொருள் விற்கும் கடைகளும் இப்போது இணையத்தில் ஆர்டர் எடுக்கின்றன. ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்து நடத்தித் தரும் சேவை) வாங்கும்போது பலரும் மாதக் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த நிறுவனத்தை விட்டு நாளைக்கே விலக நேர்ந்தால் தளம் முழுதாக உங்கள் கைக்கு வருமா?

டொமைனிலிருந்து, அதாவது தளத்தின் இணைய முகவரியிலிருந்து, தொடங்குங்கள். தளத்தை வடிவமைத்தவரே தம் பெயரில் அதைப் பதிந்து வைத்திருப்பதுண்டு. பிணக்கு வந்தால் கடையின் பெயரே கைவிட்டுப் போய்விடும். சிங்கப்பூரின் '.காம்.எஸ்ஜி' முகவரி என்றால் உரிமையாளர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் அதன் பதிவு எண்ணான யூஇஎன்னும் இருக்க வேண்டும். பதிந்த பின் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழி 21 நாளுக்குள் அடையாளத்தை உறுதி செய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படும். உறுதி செய்யச் சொல்லி வரும் மின்னஞ்சல் வடிவமைப்பாளரின் பெட்டிக்குப் போய், யாரும் பார்க்காமலே கெடு கடந்துவிடலாம். டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொன்றிலும் வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது பேக்கப், அதாவது தளத்தின் காப்புப் பிரதி. 'தினமும் எடுக்கிறோம்' என்ற பதில் போதாது. எந்தக் கட்டடத்தில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 2024 செப்டம்பரில் நம் லோயாங்கிலும் ஒரு தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பற்றின. அதனால் வாரம் ஒரு முறையாவது கோப்புகளையும் டேட்டாபேஸையும் (தளத்தின் தரவுகள் சேமிக்கப்படும் இடம்) இறக்கி, உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். தளத்தின் நகலை ஏற்றி, ஒரு பக்கத்தை அழித்துவிட்டு, சனிக்கிழமை இரவு சப்போர்ட்டிடம் அதை மீட்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது, தமிழ் எழுத்து ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' அமைப்பில் இல்லாமல், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத 'லத்தீன்1' ஆக இருந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்படலாம். அப்படிச் சேமிக்கப்பட்ட பிறகு எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்று யாராலும் மீட்க முடியாது.

'அன்லிமிடெட்' திட்டத்திலும் வரம்பு உண்டு. வட்டில் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் கோப்புகளின் எண்ணிக்கை, சிபியு, ஒரே நேரத்தில் இயங்கும் செயல்கள் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். சாதாரணப் பக்கங்களை கேஷிலிருந்து, அதாவது முன்பே தயாராக வைத்த நகலிலிருந்து, கொடுத்துவிடலாம். ஆர்டர் கூடையும் கட்டணப் பக்கமும் ஒவ்வொருவருக்கும் புதிதாக இயங்கியாக வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் சேர்ந்ததும் 508 பிழை (வரம்பு எட்டிவிட்டது என்ற அறிவிப்பு) காட்டுவது இதனால்தான். வரம்புகளை எண்களாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தளம் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்ற உத்தரவாதம் என்றால் மாதம் சுமார் 43 நிமிடம் தளம் நின்றாலும் ஒப்பந்தப்படி சரிதான். அதற்கு மேல் நின்றாலும் பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பகுதிதான் கழியும். போன ஆர்டருக்கு ஈடு கிடையாது.

வாடிக்கையாளர்கள் சிங்கப்பூரில் இருந்தால் சர்வரும் (தளம் இருக்கும் கணினி) இங்கேயே இருக்கட்டும். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் தரவு போய்த் திரும்பவே ஏறத்தாழ 170 மில்லிவினாடி ஆகும். ஒரு பக்கம் திறக்க அப்படிப் பல முறை போய்வர வேண்டும். வெளிநாட்டில் வைக்கத் தடையில்லை, ஆனால் அங்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணையான பாதுகாப்பு இருப்பதை உறுதி செய்வது உங்கள் பொறுப்பு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தது என்று மதிப்பிட்டால், 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கசிவு நேர்ந்ததும் தாமதமின்றி உங்களிடம் சொல்லும் கடமையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

முதலாண்டுச் சலுகையைப் பார்த்து 3 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். புதுப்பிக்கும் விலையை, 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு, கேளுங்கள்.

பழைய இடத்திலிருந்து மாறுகிறவர்கள் ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸின் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் பதிவு) டிடிஎல் மதிப்பை, அதாவது பிற கணினிகள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாறியபின் பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். அங்கே வந்து சேரும் மின்னஞ்சல்களை ஒரு வாரம் பார்த்து எடுத்துக்கொண்டு, பிறகு மூடுங்கள்.