ஓபியாய்டு வாங்கி: சொல்லும் அதன் வேலையும்

உயர்தர உயிரியலைத் தமிழில் படித்த மட்டக்களப்புப் பிள்ளைக்கு ரிசெப்டர் என்றால் ‘வாங்கி’: கலத்தின் மேலிருந்து, தனக்குப் பொருந்தும் இரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம். தமிழ்நாட்டு நூல்களில் அதுவே ‘ஏற்பி’. இரண்டும் சரிதான். நம் பாடநூல் சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

முன்னால் நிற்கும் ‘ஓபியாய்டு’தான் ஊர் சுற்றிய சொல். கிரேக்கத்தில் ‘ஓப்போஸ்’ என்றால் செடியின் சாறு. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு அதிலிருந்து ‘ஓப்பியோன்’ என்று பெயர் வந்தது. இலத்தீனில் அது ஓபியம், அரபியில் அஃப்யூன், நம்மிடம் அபின். ஓபியத்துக்குத் தமிழ் அபின் என்கிறோமே, இரண்டும் ஒரே பாலில் பிறந்தவை! கடைசியில் ஒட்டியுள்ள ‘ஆய்டு’வுக்குப் பொருள் ‘போன்றது’. ‘அபின்போலி’ என்றால் கலப்படச் சரக்கு மாதிரி ஒலிக்கிறது, ‘அபினொப்பி’ பரவாயில்லை.

மூளையில் இந்த வாங்கிகள் இருப்பது 1973இல் தெரியவந்தது. கசகசாச் செடிக்காகவா மூளை வாங்கி வைத்திருக்கும்? இவற்றில் பொருந்தும்படி உடலே சுரக்கும் என்கெபலின் 1975இல் அகப்பட்டது.

இந்த வாங்கியின் வேலையைச் சொல்ல வேண்டிய அடுத்த சொல் ‘கல்சியம் கால்வாய்’. இதில் எனக்குச் சின்ன மனக்குறை. எங்கள் பக்கத்து உன்னிச்சைக் குளத்துக் கால்வாய் வட்டை வட்டையாக, வயல்வெளிகளூடே நீளும். இதுவோ நரம்புக்கலத்தின் மென்சவ்வில் பதிந்த புரதம். நடுவில் திறந்து மூடும் துளை. துருசு, அதாவது குளத்து மதகு, என்றால் பொருத்தம். வெளியே கல்சியம் உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. நரம்பு முனைக்கு மின்துடிப்பு வந்ததும் துளை திறக்கிறது, கல்சியம் பாய்கிறது, சின்னப் பைகளிலுள்ள இரசாயனம் அடுத்த கலத்துக்குக் கொட்டப்படுகிறது.

அபினிலுள்ள வலிமருந்தான மோர்பின் உள்ளே போய் எதையும் மூடுவதில்லை. வெளியிலிருந்தே, ஓபியாய்டு வாங்கிகளில் ஒரு வகையான மியூ வாங்கியில் பொருந்துகிறது. உட்புறம் வாங்கியோடு சேர்ந்திருக்கும் ஜி புரதம் இரண்டாகப் பிரிகிறது. அதில் பீட்டா-காமா என்ற துண்டு போய்க் கால்வாயில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அது லேசில் திறக்காது. கல்சியம் குறைய, கொட்டப்படும் இரசாயனமும் குறைகிறது. முண்ணாணில் (தண்டுவடத்தில்) வலிச்செய்தி மெலிகிறது. இதே வாங்கிகள் மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்குவது அதனால்தான்.

இதைக் ‘கால்வாயை அடைக்கிறது’ என்று மொழிபெயர்ப்பது பிழை. பலத்த துடிப்புகள் தொடர்ந்து வந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ‘தணிக்கிறது’ என்பதே சரி. கூம்பு நத்தையின் நஞ்சைப் பார்த்துச் செய்த சிகோனோடைட் என்ற வலிமருந்து, அதே கால்வாயின் வாயில் நேராகவே போய் உட்காருகிறது. ‘அடைக்கிறது’ என்பதை அதற்கு எழுதலாம்.