லாபக் கணக்கில் ஏறாத சம்பளம்

திருப்பூரில் பவர்டேபிள் யூனிட், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவர்களின் கணக்குகள்தான் எங்கள் அலுவலகத்துக்கு அதிகம் வரும். மார்ச் முடிந்து லாப நட்டக் கணக்கைக் கையில் கொடுத்தால் பலரும் கேட்பது இதுதான்: "ஏனுங்க ஆடிட்டர், லாபம் இத்தனை காட்டுது, கையில ஒண்ணும் நிக்கலீங்களே?"

ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் பணம் வராமல் நிற்கும் பில், மிஷின் கடனுக்குக் கட்டிய தவணை என்று ஒரு பாதி பதில் உடனே கிடைத்துவிடும். மறு பாதிக்கு கிரிகோரி மேன்கிவ் உதவுவார்.

ஹார்வர்டு பேராசிரியர் அவர். 2003 முதல் 2005 வரை அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவர். முதலாண்டு மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூல் பல நாட்டுக் கல்லூரிகளில் ஓடுகிறது. 2011இல் அவருடைய வகுப்பிலிருந்தே சில மாணவர்கள், பாடம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று வெளிநடப்புச் செய்தார்கள். அந்தச் சர்ச்சை இங்கே வேண்டாம். பவர்டேபிளுக்கு வேண்டியது அவர் பாடநூலில் இரண்டு பாடம்தான்.

முதலாவது: ஒன்றைப் பெற எதையெல்லாம் விடுகிறோமோ, அதுதான் அதன் செலவு. குக்கீ ஃபேக்டரி நடத்தும் ஒரு பெண்ணை உதாரணம் காட்டுகிறார். சொந்தச் சேமிப்பு 3,00,000 டாலரைப் போட்டு வாங்கியது. பேங்கில் 5 சதவீதத்துக்கு விட்டிருந்தால் வருஷம் 15,000 டாலர் வட்டி வந்திருக்கும். கணக்குப்பிள்ளை இதை எழுதமாட்டார், பொருளாதாரக்காரர் எழுதுவார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். வீட்டுக்குக் கீழேயே 12 மிஷின். கணவர் மாஸ்டர் வேலையும் டெலிவரியும், மனைவி செக்கிங். சனிக்கிழமை எல்லோருக்கும் சம்பளக் கவர் போகும், இவர்கள் இருவருக்கும் மட்டும் கவர் கிடையாது. வருஷ லாபம் 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் மாதம் 15,000. கணவர் வேறு கம்பெனியில் சூப்பர்வைசராகப் போனால் 25,000, மனைவிக்கு 12,000. மிஷினில் போட்ட சொந்தப் பணம் 10 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி வருஷம் 70,000. எல்லாம் கூட்டினால் 6,94,000. தொழில் தனியாகச் சம்பாதித்தது 26,000 ரூபாய்!

இதைப் பார்த்ததும் யூனிட்டை மூடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். யாரிடமும் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு, கொங்கு நாட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் பீஸ் ரேட் பேசும்போது இந்த 6,94,000 மண்டையில் இல்லாவிட்டால், பார்ட்டி கேட்ட ரேட்டுக்குத் தலையாட்டிவிட்டு, வீட்டு அம்மாவின் உழைப்பை அந்தப் பார்ட்டிக்கு இனாமாகக் கொடுக்கிறோம். டர்னோவரில் 8 சதவீதம், பேங்க் வழி வரவுக்கு 6 சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டி ரிட்டர்ன் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது வரிக்காகச் சொல்லும் எண். தொழில் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பதை அது சொல்லாது.

இரண்டாவது பாடம் இதற்கு நேர் எதிர் மாதிரி தெரியும். 200 சீட் விமானம் ஒருமுறை பறக்க 1,00,000 டாலர், சீட்டுக்கு 500. கடைசி நேரத்தில் பத்து சீட் காலி. 300 டாலர் தருகிறேன் என்று ஒருவர் நின்றால் ஏற்றிக்கொள்வதுதான் லாபம், ஏனென்றால் அவரால் கூடும் செலவு மிகச் சொற்பம். ஆர்டர் இல்லாத வாரத்தில் குறைந்த ரேட்டுக்கு ஜாப் ஒர்க் வந்தால், அந்த வேலைக்காகக் கூடும் கூலி, கரண்ட், வண்டிச் செலவு போக ஏதாவது மிஞ்சினால் எடுக்கலாம். அந்த வாரத்துக்கு மட்டும். டல் சீசன் ரேட்டையே சீசனிலும் பேசி, அதையே வருஷம் முழுக்க இழுத்துக்கொண்டு போவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

அப்புறம், இந்தக் கணக்கை வரிக் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தனி உரிமையாளர் தனக்கே எழுதும் சம்பளம் செலவாகாது. மனைவிக்கு எழுதினால், அந்த வேலைக்கான தொழில்முறைத் தகுதி அவருக்கு இல்லாதபோது பெரும்பாலும் கணவர் வருமானத்தோடுதான் சேரும். இருவரும் உண்மையிலேயே பங்குதாரர்கள் என்றால், ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வரம்புக்குள் சம்பளம் காட்ட வழி இருக்கிறது. அதை மார்ச் கடைசி வாரத்தில் வந்து கேட்காமல், வருஷ ஆரம்பத்திலேயே உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.