பி.ஆர். எடுத்தாச்சு, பெயர் நமக்கே சொந்தமா? கொழும்புக் கடைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

செட்டியார் தெருவில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் லக்ஷ்மியும் அம்பாளும் முருகனும் திரும்பத் திரும்ப வருவார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியோரமும் அப்படித்தான். ஒரே பெயரில் ஒரு நகைக்கடை, ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை, ஒரு ஹார்ட்வெயார். முதலாளிமாருக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "என்னட்ட பி.ஆர். இருக்கு."

பி.ஆர்., அதாவது வியாபாரப் பெயர் பதிவு, இருப்பது நல்லதுதான். ஆனால் அது பெயருக்கு எழுதித் தந்த உறுதி இல்லை. இலங்கையில் ஒரு வியாபாரத்தின் பெயர் வியாபாரப் பெயர், கம்பனி, வர்த்தகக் குறி (ட்ரேட் மார்க்) என்ற மூன்று வெவ்வேறு பதிவேடுகளில் ஏறலாம். மூன்றுக்கும் சட்டம் வேறு, நோக்கம் வேறு. ஒன்றில் ஏறிய பெயர் மற்ற இரண்டிலும் தானாக ஏறிவிடாது.

முதலில், பெயர்கள் ஏன் இப்படி ஒத்துப்போகின்றன? பாதிக் காரணம் பக்தி. குலதெய்வத்தின் பெயரை வைப்பவர் பக்கத்துத் தெருவில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிலர் ஊர்ப் பெயரை வைப்பார்கள், சிலர் மூத்த பிள்ளையின் பெயரை. எண்சோதிடக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் ஒருவர் பழைய பெயரோடு இருப்பார், மற்றவர் நாலு கடை தள்ளி முன்னால் "நியூ" போட்டுத் திறப்பார். கொழும்பில் "நியூ" என்று தொடங்கும் பலகையைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆட்களின் பெயரும் இப்படித்தான். பெர்னாண்டோ என்பது போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர். கரையோரச் சிங்களக் குடும்பங்களுக்கும் அது உண்டு, பரதர் குலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பெர்னாண்டோ பேக்கரி நடத்தலாம், மொறட்டுவையில் ஒரு பெர்னாண்டோ தளபாடம் விற்கலாம். இருவருக்கும் இடையில் இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் இதைப் புரிந்துதான் வைத்திருக்கிறது. தன் சொந்தப் பெயரை ஒருவர் நேர்மையாகப் பயன்படுத்துவதை, அதே பெயரை வர்த்தகக் குறியாகப் பதிந்தவர்கூடத் தடுக்க முடியாது. ஆனால் முதல் கடையின் அதே நிறம், அதே எழுத்து, அதே அலங்காரத்தோடு பலகை அடித்துவிட்டு "இது என் அப்பன் வைத்த பெயர்" என்று சொல்ல வர வேண்டாம். அது எடுபடாது.

சரி, பி.ஆர். என்பது என்ன? வியாபாரப் பெயர் பதிவு. இதன் மூலச் சட்டம் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். முதலாம் உலகப் போர் நடந்த காலத்தில், 1916இல், பிரித்தானியாவில் வந்த சட்டத்தின் வழியில் இங்கே கொண்டுவரப்பட்டது. பலகையில் இருக்கும் பெயருக்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று பொதுமக்களுக்கும் அரசாங்கத்துக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒருவர் தன் முழுப் பெயரிலேயே, வேறெதுவும் சேர்க்காமல் வியாபாரம் செய்தால் இந்தப் பதிவு தேவைப்படாது என்ற விதியின் காரணமும் இதுதான். ஆளே பலகையில் இருக்கிறார், பிறகு யாரைத் தேட? சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும் என்பதும் அதற்காகவே.

இப்போது இது மாகாண சபைகளின் கையில் உள்ள விஷயம். தனி ஆளோ கூட்டு வியாபாரமோ, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைப் பிரதி, கடை இருக்கும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். வங்கியில் கடைப் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறக்கப் போனால் முதலில் கேட்பது பி.ஆர்.தான், அதனால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் மேல் மாகாணத்தில் பதிந்த பெயர் வட மாகாணத்தில் வேறொருவரைக் கட்டுப்படுத்தாது. மேல் மாகாணத்துக்குள்ளேயும் "இந்தப் பெயரை இனி வேறு யாரும் தொடக்கூடாது" என்ற உரிமையை அந்தக் கடதாசி தருவதில்லை.

இரண்டாவது பதிவேடு கம்பனிகளுடையது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, ஏற்கெனவே உள்ள ஒரு கம்பனியின் பெயரையே இன்னொரு கம்பனிக்குக் கொடுக்க மாட்டார்கள். பதிவாளரின் கருத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தும் பெயருக்கும் இடமில்லை. ஜனாதிபதியின் ஆதரவு இருப்பதுபோலக் காட்டும் சொற்களுக்கு அமைச்சரின் சம்மதம் வேண்டும். பெயர் கிடைத்துக் கம்பனி பதிவானதும் 30 வேலை நாட்களுக்குள் பொது அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஒத்த பெயரைத் தேடும்போது பார்க்கப்படுவது எழுத்து. வாடிக்கையாளர் கேட்பதோ சத்தம். எண்சோதிடப்படி ஒரு எழுத்தைக் கூட்டிய பெயர் கணினியில் வேறு பெயராகத் தெரியும். தொலைபேசியில் ஓடர் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் பார்சல் மாறிப் போகிறது, காசோலை மாறிப் போகிறது, அந்தக் கடையில் கெட்டுப்போன வடைக்கு இந்தக் கடைக்குத் திட்டு விழுகிறது.

பெயரை உண்மையிலேயே காப்பாற்றுவது மூன்றாவது பதிவேடு: வர்த்தகக் குறி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதைப் பதிகிறது. அந்த அலுவலகமும் கம்பனிப் பதிவாளர் திணைக்களமும் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமகம் மெதுர என்ற ஒரே கட்டிடத்தில்தான் இருக்கின்றன. ஒரு கதவில் பதிந்தால் மற்றக் கதவுக்குத் தெரிந்துவிடும் என்று பலர் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. அப்படித் தெரியவராது. இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வர்த்தகக் குறி வகுப்பு வகுப்பாகப் பதியப்படுகிறது. சர்வதேச முறைப்படி மொத்தம் 45 வகுப்புகள், பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11. நகை 14ஆம் வகுப்பு, உடுப்பு 25, தேயிலையும் கோப்பியும் மசாலாவும் 30, சாப்பாட்டுக்கடைச் சேவை 43. நகைக்கடைக்காரர் 14இல் பதிந்துவிட்டு 43இல் இருக்கும் சைவக்கடைக்காரரோடு சண்டைக்குப் போவது கடினம். ஒரே பெயர் ஒரே தெருவில் சட்டப்படியே இரண்டு தடவை இருக்க முடிவது இதனால்தான். நாடெல்லாம் அறிந்த பெயர் என்றால் கதை கொஞ்சம் வேறு. அப்படிப்பட்ட பெயர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. சென்னையில் பிரபலமான கடையின் பெயரை இங்கே தூக்கி வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

"நியூ" விஷயத்துக்கு வருவோம். கம்பனிப் பதிவில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்துவிடலாம். வர்த்தகக் குறியில் கேள்வி வேறு: வாங்க வருபவர் ஏமாறும் அளவுக்கு ஒத்திருக்கிறதா? அண்ணன் 25ஆம் வகுப்பில் பதிந்து வைத்திருந்தால், தம்பி முன்னால் போடும் "நியூ" அவரைக் காப்பாற்றும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பாகம் பிரிக்கும்போதே பெயர் யாருக்கு, மற்றவர் எந்தப் பெயரில் நடத்துவார் என்று எழுதிக்கொள்வதுதான் மலிவான வழி. இருப்பில் உள்ள சாமானை எண்ணிப் பிரிப்பார்கள், தராசைக்கூடப் பிரிப்பார்கள், பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

விண்ணப்பம் பரிசீலனையில் தேறினால் வர்த்தமானியில் வரும். ஆட்சேபம் உள்ளவர்களுக்கு அந்தத் திகதியிலிருந்து மூன்று மாதம் அவகாசம். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இடையில் வருடக்கணக்கில் இழுபடுவதும் உண்டு, ஆகவே கடை பிரபலமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். இன்னொன்று: "நல்ல புடவை" மாதிரி பொருளையே சொல்லும் பெயரைப் பதிந்து வாங்குவது பெரும்பாடு. வெறும் சாமிப் பெயரிலும் பிடிமானம் குறைவு. கூடவே வித்தியாசமான ஒரு சொல்லையோ படத்தையோ சேர்த்தால் நல்லது.

எல்லாப் பொதுப் பெயரும் வீண் என்றில்லை. சிலோன் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடாகப் பதிவானது. அந்தப் பெயரை ஒருவருக்கொருவர் தெரியாத எத்தனையோ உற்பத்தியாளர்கள் சேர்ந்து பயன்படுத்தலாம், ஆனால் கறுவா இங்கே விளைந்ததாகவும் குறித்த தரத்தில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அங்கே பெயர் பலருக்குப் பொதுவாக இருப்பதுதான் திட்டமே.

புதிதாகக் கடை திறப்பவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. பலகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பு கம்பனிப் பதிவாளரின் இணையத் தேடலில் பெயரைப் பாருங்கள், ஆங்கில எழுத்தை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பில் அதே பெயரோ அதுபோன்ற பெயரோ இருக்கிறதா என்று புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் பி.ஆர். எடுங்கள். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் கம்பனியாக்குவதைத் தள்ளிப் போடலாம், வர்த்தகக் குறி விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவருக்கு ஒரு நாள் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரலாம், "இந்தப் பெயரை உடனே நிறுத்து" என்று. பயந்து அன்றைக்கே பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. அவரிடம் இருப்பது பதிவா, வெறும் விண்ணப்பமா, எந்த வகுப்பில், எந்தத் திகதியில் என்று கேளுங்கள். பதியாத பெயருக்கும் சட்டத்தில் இடம் உண்டு, மக்கள் அந்தப் பெயரால் உங்களைத்தான் அறிந்திருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால். வழக்கென்று போனால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில்தான் நடக்கும், அங்கே பி.ஆர். பிரதியை மட்டும் நீட்டினால் போதாது. திகதி போட்ட பழைய பில் புத்தகம், பேப்பரில் கொடுத்த விளம்பரம், திறப்பு விழா அழைப்பிதழ் எதையும் பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள்.