ஏபிஎஸ்: உருள்காப்பு நிறுத்தி

வண்டிகளின் பிரேக் அமைப்பில் வரும் ஏபிஎஸ் என்பது ஜெர்மன் மொழியின் 'ஆன்டிபிளாக்கியர்சிஸ்டம்' என்ற சொல்லின் சுருக்கம். பிளாக்கியரன் என்றால் அசையவிடாமல் முடக்குதல். பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் 1978இல் எஸ் கிளாஸ் காரில் மின்னணு முறையில் இதைக் கொண்டுவந்தன. டன்லப்பின் மேக்சரெட் கருவி 1950களிலேயே விமானச் சக்கரங்களில் இதே வேலையைச் செய்தது. ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்தை 'ஆன்டிலாக் பிரேக்கிங் சிஸ்டம்' என்று விரிக்கிறார்கள்.

லாக் என்பதைப் பூட்டு என்று எடுத்து 'எதிர்ப்பூட்டு' என எழுதினால், படிப்பவருக்குக் கதவுப் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் "வீல் ஜாம் ஆகுது" என்கிறார்கள். அதுவே பொருளுக்கு நெருக்கம். பெடலை எவ்வளவு அழுத்தினாலும், சக்கரம் நின்றுபோகும் தறுவாயில் அதன் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுபடி ஏற்றி, நொடிக்குப் பலமுறை இப்படி மாற்றுவதே இந்த அமைப்பின் வேலை. சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் கேட்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் இறங்கும்போது முன்சக்கரம் ஜாம் ஆனால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். அதனால் 'உருள்காப்பு நிறுத்தி' என்பதே பொருத்தமான தமிழ்.

டிராக்‌ஷன் என்ற சொல்லின் வேர், இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. டிராக்டருக்கும் அதுவே வேர். டிராக்‌ஷன் கன்ட்ரோலை 'இழுவைக் கட்டுப்பாடு' என்றால், இழுவையைக் குறைப்பதுபோல் ஆகிவிடும். உந்தும் சக்கரம் ஈரத்திலோ மண்ணிலோ வீணாகச் சுழலும்போது எஞ்சின் விசையைக் குறைத்தும் அந்தச் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்தும் அடக்குவதால், 'வழுக்கல் அடக்கி' பொருந்தும்.

இரண்டுக்கும் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்கள் ஒன்றே, அழுத்தத்தை மாற்றும் வால்வுப் பெட்டியும் ஒன்றே. ஆகவே ஒரு சென்சார் கெட்டாலும் டாஷ்போர்டில் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரியும். வழுக்கல் விளக்கு மட்டும் சிமிட்டினால் அது பழுதல்ல. அந்த நேரம் அமைப்பு வேலை செய்கிறது. நிலையாக எரிந்தால், யாராவது அதன் 'ஆஃப்' பட்டனை அழுத்தியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

"லைட் எரியுதுங்க, ஆனா பிரேக் நல்லாத்தான் புடிக்குதுங்க" என்று வண்டியைக் கொண்டு வருவார்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் அது சரிதான்: சாதாரணப் பிரேக் இருக்கும், உருள்காப்பு இருக்காது. சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம், அல்லது பின்சக்கர அழுத்தப் பங்கீடு போயிருக்கலாம். அந்த நிலையில் வால்பாறை மலையில் வண்டியை இறக்கக் கூடாது.

பைக்கில் ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சற்று வேகம் எடுத்த பிறகு அணைவது இயல்பு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி கியரில் முறுக்கினால், பின்சக்கரம் ஓட முன்சக்கரம் நிற்பதைக் கண்டு விளக்கு எரியும். அணைத்துப் போட்டு ஓட்டினால் போய்விடும்.

பேட்டரி வோல்டேஜ், ஃப்யூஸ், பிரேக் ஆயில், பிரேக் லைட் சுவிட்ச், நான்கு டயரின் அளவு, காற்று இவற்றைப் பார்த்துவிட்டு ஸ்கேனர் போடுங்கள். அது காட்டும் பழுது எண்களில் சி0035 முன் இடது சக்கரம், சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. கம்பெனிக்குக் கம்பெனி வேறு எண்களும் உண்டு. எண்ணைப் பார்த்ததும் சென்சாரை வாங்கிவிடுவதுதான் வீண் செலவில் முடிகிறது. பழுது எண் சொல்வது அந்த மின்சுற்றில் பழுது என்று மட்டுமே. ஸ்கேனரில் நேரடித் தரவைத் திறந்து 20–30 கி.மீ. வேகத்தில் நேராக ஓட்டி நான்கு சக்கர வேகத்தையும் ஒப்பிட்டால், எது பூஜ்யம், எது விட்டுவிட்டு வருகிறது என்று தெரியும்.

அந்தச் சக்கரத்தில் முதலில் வயரைப் பாருங்கள். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரை அடிக்கடி பார்க்கலாம். முறுக்கி டேப் சுற்றினால் மழையில் ஈரம் ஏறி மறுபடி எரியும். சால்டர் வைத்துச் சுருங்கு குழாய் போடுங்கள், இல்லையேல் வயரையே மாற்றுங்கள். இரண்டு வயர் காந்தச் சுருள் சென்சார் என்றால் மல்டிமீட்டரில் பெரும்பாலும் 800 முதல் 2000 ஓம் வரை காட்டும். புதிய கார்களில் வரும், மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் 'ஆக்டிவ்' சென்சாரை ஓம் வைத்து அளக்கக் கூடாது. சாவி போட்டு, கனெக்டரில் பேட்டரி அளவு வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

விளக்கே எரியாமல், வண்டி நிற்கப் போகும் கடைசி நேரத்தில் பெடல் துடிக்கிறதா? சென்சார் உட்காரும் இடத்தில் துரு வீங்கி, அதைச் சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்திலிருந்து விலக்கியிருக்கும். குறைந்த வேகத்தில் சென்சாரின் சைகை (சிக்னல்) அறுந்து, சக்கரம் ஜாம் ஆனதாக ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைக்கிறது. சென்சாரைக் கழற்றித் துருவை எமரியால் தேய்த்து மாட்டினால் போதும். பல் வளையத்தில் விரிசல் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சைகை தடுமாறும்.

பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பேரிங் தலைகீழ். பல கார்களில் பல் வளையத்துக்குப் பதில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குண்டூசி லேசாக ஒட்டும். அது சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஏர் பிரேக் லாரியில் முறை வேறு. சென்சார் ஒரு கவ்வு புஷ்ஷுக்குள் இறுக்கமாக நிற்கும், போல்ட் கிடையாது. ஹப்பை இறக்கி ஏற்றும்போது அது பின்னால் போய்விடுகிறது. பெரும்பாலும் 100 பல் கொண்ட வளையத்தைத் தொடும் வரை கையால் தள்ளுங்கள்; சுத்தியல் வேண்டாம். சக்கரம் உருளும்போது இடைவெளி தானே அமைந்துவிடும். ஓம் 900–2000 இருக்க வேண்டும். இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சக்கரத்தைச் சுற்றினால் குறைந்தது 0.2 வோல்ட் மாறுமின்சாரம் வரவேண்டும். வராவிட்டால் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சென்சார் திரும்பத் திரும்ப விலகும்.

சரிசெய்து பழுது எண்ணை அழித்த பிறகும் லாரியில் நின்ற இடத்திலேயே விளக்கு அணையாமல் இருக்கலாம். சுமார் 7 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஓட்டும்போது, எல்லாச் சக்கரச் சைகையும் வருவதைப் பெட்டி பார்த்துவிட்டு அணைக்கும்.