முருங்கைக்கீரை காந்தத்தில் ஒட்டுமா?

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். ஆறாம் வகுப்பில் சத்துள்ள உணவுகள் பற்றிய பாடம். ‘முருங்கைக்கீரை: இரும்புச்சத்து’ என்று பலகையில் எழுதியதுமே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “மிஸ், அப்போ கீரை காந்தத்துல ஒட்டுமா?” என்றானாம். வகுப்பே சிரித்திருக்கிறது. “எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை சார், என்ன சொல்லட்டும்?” என்று கேட்கிறார்.

ஒட்டாது. ஆணியில் இருப்பது உலோகம். கீரையில் இருப்பது எலக்ட்ரான்களை இழந்து, வேறு மூலக்கூறுகளோடு பிணைந்து கிடக்கும் இரும்பு அயனி. (சில டப்பா சீரியல்களில் நுண்ணிய இரும்புத்தூளையே கலக்கிறார்கள். அதை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் காந்தத்தை விட்டால் நிஜமாகவே ஒட்டும்.) ஆனாலும் அந்தப் பையன் தொட்டது சரியான இடத்தைத்தான். எவ்வளவு இரும்பு என்று பார்க்கிறோமே தவிர, எந்த வடிவத்தில் இருக்கும் இரும்பு என்று யாரும் கேட்பதில்லை.

இரத்தச் சிவப்பணு, ஹீமோகுளோபின், ஆக்சிஜன் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். நம் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு. பழைய சிவப்பணுக்களை உடைத்து அதே இரும்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்வதால், சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராமை உடம்பு உறிஞ்சிக்கொண்டால் போதும். இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு இருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லாமே இரும்புக் குறைவால் வருவதல்ல என்றாலும், பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று.

சரி, சாப்பிட்ட இரும்பு எங்கே போகிறது? அதற்கு மருதாணிக்குப் போக வேண்டும்.

நரைமுடிக்கு மருதாணி வைப்பவர்கள் பொடியை இரும்புச் சட்டியில் போட்டு, டீ டிகாக்‌ஷன் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் பார்த்தால் கருகருவென்று இருக்கும். வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கினால் இரும்பு அரிவாள்மணை கறுத்துப்போவதும் இதே கதைதான். இந்தப் பொருட்களில் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. அவை ஃபெரிக் இரும்பை, அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பைக் கண்டால் இறுகப் பற்றிக்கொண்டு கறுப்பாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இப்படித்தான். அன்னபேதி என்றால் ஃபெரஸ் சல்பேட். இரத்தசோகைக்கு டாக்டர் எழுதித்தரும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதே உப்புதான். மையும் மருந்தும் ஒரே பாத்திரத்துச் சரக்கு! எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீர்வதில்லை.

கீரை சாதம் சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடிக்கிறோம் அல்லவா? அப்போது வயிற்றுக்குள் மை காய்ச்சுகிறோம். டானின் பிடியில் மாட்டிய இரும்பைக் குடல் சீண்டுவதில்லை. அது வந்த வழியே வெளியே போய்விடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் தாவர உணவின் இரும்பில் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

டீயே குடிக்காவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. சிறுகுடல் சுவரில் இரும்பு நுழைய ஒரு வாசல் உண்டு. அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஃபெரஸ் இரும்பை மட்டும்தான் உள்ளே விடும். கீரை, பருப்பு, கேழ்வரகிலிருந்து வருவது பெரும்பாலும் ஃபெரிக். இரைப்பை அமிலத்தில் அது கரைந்து கிடக்கும். சிறுகுடலுக்கு வந்ததும் அமிலம் தணிந்து, துரு மாதிரிப் படிந்துவிடப் பார்க்கும்.

வைட்டமின் சி இங்கேதான் வேலைக்கு வருகிறது. இரைப்பையிலேயே இரும்போடு சேர்ந்துகொண்டு அதைப் படியவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தன்னிடமிருந்து ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, ஃபெரிக்கை ஃபெரஸாகவும் மாற்றிவிடுகிறது. வாசல் திறக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் தின்ற நெல்லிக்காய் மதியக் கீரைக்கு உதவாது. கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி வீணாகும். சாப்பிட்டதும் ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தாலும் போதும். மீன், ஈரல், ஆட்டு இரத்தப் பொரியலில் இருக்கும் ஹீம் இரும்புக்கு, அதாவது ஹீமோகுளோபின் போன்ற புரதங்களில் இருக்கும் இரும்புக்கு, வேறு வழி உண்டு, அதை டீயால் அவ்வளவாகத் தடுக்க முடியாது.

பீட்ரூட் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று சொல்பவர்களிடம் வாதாடி அலுத்துவிட்டது. அந்தச் சிவப்பு பீட்டலெய்ன் என்ற நிறமி, அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. செப்டம்பர் முதல் வாரம் ஊட்டச்சத்து வாரம் என்று சார்ட் பேப்பர் போட்டி நடத்துகிறார்கள். பிள்ளைகள் அழகாகப் பீட்ரூட் வரைந்து பரிசு வாங்குகிறார்கள். அந்தச் செலவில் பள்ளிக்கு ஒரு கூடை எலுமிச்சை வாங்கினால் சத்துணவுக்கும் ஆகும், பாடத்துக்கும் ஆகும் என்பது என் கட்சி.

பாடம் எப்படி? ஆசிரியையே செய்து காட்டலாம். பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். இளம்பருவப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை தரும் நீல இரும்பு மாத்திரை ஒன்றின் மேல்பூச்சைக் கழுவிவிட்டு, நுணுக்கி, ஒரு டம்ளரில் கலக்குங்கள். மாத்திரையில் இருப்பது ஃபெரஸ் என்பதால் உடனே அவ்வளவு தெரியாது. காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாற மாற டிகாக்‌ஷன் மை மாதிரிக் கறுக்கும். இப்போது எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கலக்குங்கள், கறுப்பு கலைந்து நிறம் வெளுக்கும். சாற்றின் அமிலம் டானின் பிடியைத் தளர்த்துகிறது, வைட்டமின் சி ஃபெரிக்கை மறுபடி ஃபெரஸாக்குகிறது. கடைசி பெஞ்சுப் பையனையே பிழியச் சொல்லுங்கள்.

யாரும் அதைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்ச மாத்திரைகளைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவுக்கு மீறிய இரும்பு அவர்களுக்கு விஷம். அப்புறம், டம்ளரில் கறுப்பாகக் கறை நிற்கும். பிழிந்த எலுமிச்சைத் தோலாலேயே தேய்த்தால் போய்விடும்.