அடிவரியில் கிடந்த எண்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பி சுமார் 82 வினாடிகளில், வெளியே பொருத்தியிருந்த எரிபொருள் தொட்டியின் மேல்பூச்சான காப்பு நுரையில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு, நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள். பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வரும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள்.

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு அந்த ஸ்லைடுகளில் ஒன்றைத் தவறாமல் காட்டுகிறேன். கணக்கீடு ஆபத்தைக் கூட்டியே காட்டுகிறது, அதனால் பயமில்லை என்ற தொனியில் தலைப்பு. அதன் கீழே அடுக்கடுக்காக உள்ளே தள்ளி எழுதிய வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் இது: துண்டின் கனஅளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! இரண்டு தீப்பெட்டி அளவுத் துண்டை வைத்துச் சோதித்துவிட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடப் பெரிய துண்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தலைப்பில் இருந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அந்த ஸ்லைடைப் படிக்கும் மூத்த அதிகாரிக்கு, உயிர் போகிற விஷயம் இது என்று புரியாமல் போக வாய்ப்புண்டு என விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் எழுதியது. ஸ்லைடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதும் நடக்கவில்லை.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் நான் பார்க்கிற பிரசன்டேஷன்களிலும் இதே கோளாறுதான். நிறுவன வரலாறு, ஆய்வு முறை, நன்றி எல்லாம் முன்னால் வந்துவிடும். சேஃப்டி வால்வு பழுது என்ற செய்தி இருபது ஸ்லைடு தாண்டி வரும்போது, முடிவெடுக்க வேண்டியவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பார். முதல் ஸ்லைடிலேயே சொல்லுங்கள். 'பாய்லர் ஆய்வு முடிவுகள்' என்ற தலைப்பு யாருக்கும் எதையும் சொல்லாது. '2-ஆம் பாய்லரின் சேஃப்டி வால்வு வேலை செய்யவில்லை, இன்றே நிறுத்த வேண்டும்' என்று முழு வாக்கியமாக எழுதினால் கடைசி வரிசையில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார். எழுத்தின் அளவு, வண்ணம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கடினமானது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, 'சார் கோபப்படுவாரோ' என்ற தயக்கத்தில் சந்தேகத்தையெல்லாம் அடிவரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். திறமையான பிள்ளைகள்கூட இப்படிச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. "சார், இந்த அழுத்தத்தில் நாங்கள் சோதிக்கவே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சில விநாடி பேசாமல் நில்லுங்கள். அது கேட்பவர் மனதில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் ஸ்லைடோடு நிறுத்தாமல், இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் எல்லோரும் அதைப் படிக்கட்டும். பிறகு அங்கே இருப்பவர்களில் வயதில் சின்னவரிடம், "இதில் நாம் எதைச் சோதிக்காமல் விட்டோம் தம்பி?" என்று முதலில் கேளுங்கள்.