சுறாப்புட்டும் பாதரசமும்: மீனைச் சோதிக்கச் சொல்ல நமக்கு இருக்கும் உரிமை

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு செய்யாவிட்டால் மதுரைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மனசு ஆறாது, பால் ஊறும் என்பார்கள். அதே சுறாவைத்தான் பால் கொடுக்கும் தாய்மார்கள் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்க அரசின் மீன் அறிவுரை. காரணம் அதில் சேரும் பாதரசம் என்ற நச்சு உலோகம்.

கடல் மீனுக்கு ஏது பாதரசம்? நிலக்கரிப் புகை ஒரு வழி. ஆனால் மனிதர்கள் காற்றில் விடும் பாதரசத்தில் முதலிடம், கிட்டத்தட்ட 38 சதவீதம், சிறு தங்கச் சுரங்கங்களுக்குத்தான். தங்கத்துகள் உள்ள மண்ணில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும், அந்த உருண்டையைக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் நிற்கும் (பட்டறைக் குப்பையை அரித்துத் தங்கம் எடுப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியும்). இப்படி ஆற்றிலும் கடலிலும் கலந்ததை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்ற வடிவத்துக்கு மாற்ற, அது சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஏறி ஏறிக் கடைசியில் மனிதர் தட்டுக்கு வரும். அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. தென் அமெரிக்க நாடான பெருவின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் இதற்காகவே 2016-ல் அவசரநிலை அறிவித்தார்கள்.

இந்தப் பாதரசத்தைக் குறைக்கத்தான் மினமாட்டா என்ற உலக நாடுகளின் ஒப்பந்தம். 2017 ஆகஸ்ட் 16 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியா 2018-ல் ஏற்றது. இத்தகைய சுரங்கத்தொழில் பெரிதாக நடக்கும் நாடுகள் தேசியத் திட்டம் போட வேண்டும், வீடுகளுக்கு நடுவே உருண்டையைக் காய்ச்சுவதை ஒழிக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் இன்றைக்கு நம் குழம்புச் சட்டிக்கு அதனால் பயனில்லை.

சட்டிக்கு உதவுவது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். சாதாரண மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், சுறா, சூரை, திருக்கை போன்றவற்றில் 1 மில்லிகிராம், இதற்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் 40-ம் பிரிவின்படி வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். மதுரையிலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. பாதரசம் பார்க்க வேண்டும் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள், மொட்டையாக 'மீன் சோதனை' என்று எழுதாதீர்கள். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். விதிமீறல் என்று வந்தால் அறிக்கை உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கும் போகும், கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஒரு சிக்கல். சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மதுரை நெல்பேட்டை மீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், கத்தியை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்! ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, கண்மாயில் தானே பிடித்து விற்கும் மீனவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, 18-ம் பிரிவே அவரை விலக்கிவிட்டது. வாங்கி விற்கும் கடைக்காரருக்குத்தான் பொருந்தும்.

புட்டு வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதம் பிடித்தால், பெரிய சுறாவை விட்டுவிட்டு நெத்திலியோ மத்தியோ வாங்கி உதிர்த்துச் செய்து கொடுங்கள், அந்தச் சின்ன மீன்களில் பாதரசம் குறைவு.